பேர் போன கதை

இங்கிலீஷ் பாஷையில் ஒருவருடைய புகழைச் சொல்லுவதற்கு அடைமொழிகள் ஏராளமாய் இருக்கின்றன. 'பேமஸ்' என்பதைப் பட்டிக்காட்டிலும் அறிவார்கள். அதற்கு மேற்பட்டு 'ஸெலிபிரேட்டட்', 'எமினெண்ட்', 'இல்லஸ்ட்ரியஸ்', 'டிஸ்டிங்விஷ்ட்', 'ரினௌண்ட்' என்று ஒரு வரிசையே உண்டு. இங்கிலீஷ்-தமிழ் அகராதியைத் திறந்து பார்த்தால் இவை எல்லாவற்றிற்கும் நேரே 'புகழ் பெற்ற', 'கீர்த்தி வாய்ந்த' என்று ஏறக்குறைய ஒரே அர்த்தந்தான் போட்டிருக்கும். இதனால் நம்மவர்களுக்கு வெகு சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. வரவேற்புப் பத்திரம் எழுதுகிறவரும், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைவரை அறிமுகம் செய்து வைக்கிறவரும், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவரும் இந்தச் சொற்களில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்துக் கொள்ளுகிறார்கள். வந்திருக்கும் தலைவர் எந்தக் காரியத்தினால் புகழ் பெற்றார் என்று கேட்டால், அதற்கு மாத்திரம் பதில் கிடைப்பதில்லை.

ஆனால் சொற்களுக்கும் குலமும் கோத்திரமும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் பிறந்து, ஒரு வழியாய் நடந்து, சில இடங்களில் உறவு கொண்டாடி, சில இடங்களில் பகை பாராட்டி வந்திருக்கிறது. அதை விசாரியாமல் பொருத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதைக் குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே சொன்ன வரிசையில் கடைசியாக வந்த 'ரினௌண்ட்' என்ற சொல்லை மட்டும் இங்கே எடுத்துக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அது பிரெஞ்சு வீட்டில் பிறந்து இங்கிலீஷ் வீட்டில் வாழ்க்கைப்பட்ட சொல். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த புதுச்சேரிப் பக்கத்தாருக்கு அந்தப் பிறந்த வீட்டுடன் பழக்கம் உண்டு. அந்தச் சொல்லின் கதைக்கு எங்கள் ஊர்களிலேயே சாட்சியங்களும் கிடைக்கின்றன.

பிறந்த வீடு

1066-ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்னும் பிரபு கடல் கடந்து சென்று இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அன்று முதல் இரண்டு மூன்று நூற்றாண்டு காலம் அந்நாட்டின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுப் பாஷையே செங்கோல் செலுத்திற்று. குடியானவர்கள் தங்கள் பழைய இங்கிலீஷைப் பேசிக் கொண்டிருந்தார்கள். அரசும் அதிகாரமும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுடைய சொற்கள் மெல்ல மெல்லக் குடிசைக்குள்ளும் புகுந்துவிடும் அல்லவா? அப்படிப் புகுந்த ஆயிரக்கணக்கான சொற்களில் 'ரினௌன்' என்பதும் ஒன்று. பதினான்காம் நூற்றாண்டில் அது இங்கிலீஷில் நன்றாய் வேரூன்றிவிட்டது. அதிலிருந்து வந்த அடைமொழியே 'ரினௌண்ட்'.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதன் உட்பொருள் விளங்கும். 'ரி' என்றால் மீண்டும். 'நௌன்' என்றால் பெயர். இதற்கெல்லாம் மூலம் லத்தீன் பாஷையில் பெயரைக் குறிக்கும் 'நோமென்' என்னும் சொல். பள்ளிக்கூடத்தில் பெயர்ச்சொல்லுக்கு 'நௌன்' என்று பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோமே, அதுவும் இதுவும் உடன் பிறந்தவை. இலக்கண வகுப்பில் தினந்தோறும் அடிபடும் சொல்லுக்கு இவ்வளவு கம்பீரமான தமக்கை ஒருத்தி இருக்கிறாள் என்பது அநேக மாணவர்களுக்குத் தெரியாது. ஸம்ஸ்கிருதத்து 'நாமம்', லத்தீனத்து 'நோமென்', இங்கிலீஷ் 'நேம்' ஆகிய மூன்றும் ஒரே ஆதி மூலத்திலிருந்து கிளைத்தவை என்று பாஷா சாஸ்திரிகள் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஆகவே, 'ரினௌண்ட்' என்றால் 'மீண்டும் மீண்டும் பெயர் சொல்லப்பட்டவர்' என்பது பொருள். அவர் பெரியவர் என்றோ நல்லவர் என்றோ அந்தச் சொல் தன் வாயால் சொல்லவில்லை. அவர் இல்லாத இடத்தில், அவர் கேளாத வேளையில், அவரிடம் ஒரு பிரயோஜனத்தையும் எதிர்பாராத ஜனங்கள் அவர் பெயரைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லுகிறார்கள் என்பதே அதன் தாத்பரியம். நமது பக்தர்கள் நாம சங்கீர்த்தனம் என்று சொல்லுவதும் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுவதுதானே! 'கீர்த்தனம்' என்ற சொல்லும் 'கீர்த்தி' என்ற சொல்லும், எடுத்துரைத்தல் என்னும் பொருளுள்ள ஒரே தாதுவிலிருந்து வந்தவையாகும்.

உடன் வாழும் சொற்கள்

இனி இதன் அண்டை வீட்டாரையும் சற்று விசாரிப்போம். 'பேமஸ்' என்பது லத்தீன் 'பாமா' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'பாமா' என்றால் பேச்சு, வதந்தி, ஊரார் வாய் என்று பொருள். ரோமாபுரிக் கவியான வர்ஜில் தமது காவியத்தில் அந்தப் 'பாமா'வை ஒரு பூதமாக வருணித்திருக்கிறார். அதற்கு எத்தனை இறகுகளோ அத்தனை கண்களும், அத்தனை நாக்குகளும், அத்தனை காதுகளும் உண்டாம். மெய்யையும் பொய்யையும் கலந்தே கொண்டு போகுமாம். எனவே 'பேமஸ்' ஆவதற்கு ஊர் பேசினால் போதும். ஒரே இரவிலும் அந்தப் பதவி கிட்டிவிடும். மறுநாள் காலையில் போய்விடவும் கூடும்.

இதன் எதிர்ச்சொல்லைப் போல் தோற்றமளிக்கும் 'இன்பமஸ்' என்பதில் பிள்ளைகள் தவறாமல் வழுக்கி விழுவார்கள். 'பேமஸ்' என்றால் புகழ் பெற்றவர். ஆகையால் 'இன்பமஸ்' என்றால் புகழ் இல்லாத எளியவர் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லில் இன்பமும் இல்லை, எளிமையும் இல்லை. தீயச் செயலால் பெயர் கெட்டவனை அது குறிக்கும்.

'நொட்டோரியஸ்' என்னும் சொல்லின் கதை பரிதாபமானது. 'எல்லோருக்கும் தெரிந்த' என்பதுதான் அதற்கு முதலில் இருந்த பொருள். நல்லது கெட்டது என்ற பேதம் இல்லை. ஆனால் திருடன், பொய்யன், துஷ்டன் என்ற சொற்களுக்கு முன்னாலேயே அதை அடிக்கடி நிறுத்தி வைத்தார்கள். சகவாச தோஷம் சொற்களையும் விடுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே அதற்குக் கெட்ட பெயர் ஏற்பட்டுவிட்டது, இன்றுவரை மீளவில்லை.

'ஸெலிபிரேட்டட்' என்பது, ஜனக் கூட்டம் நிறைந்த இடத்தைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. திருவிழாக் கூட்டம் அதில் தெரிகிறது. 'எமினெண்ட்' என்றால் தரையிலிருந்து மேலே உயர்ந்து நிற்பது. குன்றை நினைத்துக் கொள்ளலாம். 'இல்லஸ்ட்ரியஸ்' என்பதில் ஒளி இருக்கிறது. 'டிஸ்டிங்விஷ்ட்' என்றால் மற்றவரினின்றும் பிரித்துக் காட்டப்பட்டவர். ஊர்ப் பேச்சு, திருவிழா, குன்று, விளக்கு, தனித்த அடையாளம், பெயர் என்று ஆறு சொற்களுக்கும் ஆறு வெவ்வேறு சித்திரங்கள் இருப்பதைக் காண்கிறோம். இவற்றை ஒரே கூடையில் போட்டு மூடுவது நியாயமாகுமா?

நம் வீட்டுச் சொற்கள்

தமிழில் இப்படிப்பட்ட நுட்பங்கள் உண்டா என்று கேட்கத் தோன்றும். தாராளமாய் உண்டு. திருக்குறளில் இருபத்து நான்காவது அதிகாரம் 'புகழ்' என்பது. அங்கே வள்ளுவர் புகழுக்கு 'இசை' என்ற சொல்லையும் வழங்குகிறார். இசை என்பது ஒலி, காதால் கேட்கப்படுவது. லத்தீன் 'பாமா'வுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். வேறோரிடத்தில் 'ஒளி' என்ற சொல்லும் மதிப்பு, பெருமை என்ற பொருளில் வருகிறது. அது 'இல்லஸ்ட்ரியஸ்' என்பதற்கு நேரான சொல். ரோமாபுரியாரும் தமிழரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. மனித மனம் எங்கும் ஒரே விதமாய் வேலை செய்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

'ரினௌண்ட்' என்பதற்கு நேராக நம் வாய்மொழியிலேயே 'பேர் போன', 'பேர் பெற்ற', 'பேர் எடுத்த' என்ற அழகான வழக்குகள் இருக்கின்றன. மணப்பாறை முறுக்குக்குப் பேர் போனது. காஞ்சீபுரம் பட்டுக்குப் பேர் போனது. இங்கே 'போன' என்றால் தொலைந்து போனதாக அர்த்தமில்லை. பெயர் தன் ஊரை விட்டு நாலு திசையும் புறப்பட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். மனிதன் வீட்டில் இருக்கிறான். பெயர் ஊர் ஊராய் யாத்திரை செய்கிறது. இதைக் காட்டிலும் தெளிவாய் ஒரு பிரெஞ்சுக்காரராலும் சொல்லியிருக்க முடியாது.

பெயரை நிலைநிறுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. போரில் வீழ்ந்த வீரனுடைய பெயரையும் அவன் பெருமையையும் கல்லில் எழுதி வழியோரங்களில் நட்டு வைத்தார்கள் என்று அகநானூற்றிலிருந்து அறிகிறோம். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் அதை வாசித்துச் சொல்ல வேண்டும் என்பதுதானே அதன் நோக்கம்? கல்லில் எழுதிய பெயர் ஒன்று. அதை வாசித்த வாய்கள் பல. அந்த வாய்கள் ஓய்ந்து போனால் கல் வெறுங் கல்லே.

வெறும் பெயரை நம் பெரியோர்கள் மதித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயரோ பெத்த பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்ற தெலுங்குப் பழமொழியைத் தமிழ்நாட்டுப் பாட்டிமார்களும் கைவசம் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு தேசத்தாருக்கும் ஒரு பழமொழி உண்டு. பொன்னால் செய்த அரைக்கச்சையைக் காட்டிலும் நல்ல பெயர் மேலானது என்பது அதன் கருத்து. அந்தப் பழமொழியில் வரும் நற்பெயருக்கு அவர்கள் வழங்கும் சொல் நமது கட்டுரையின் கதாநாயகியின் நேர் சகோதரிதான்.

வழங்கும் முறை

இனி, படிக்கிற பிள்ளைகளுக்காகச் சில குறிப்புக்கள். பெற்றோர்களும் கவனித்தால் நஷ்டமில்லை.

முதலாவது, 'ரினௌன்' என்பது பெயர்ச்சொல். 'புகழ்' என்று பொருள். 'ரினௌண்ட்' என்பது அடைமொழி. 'புகழ் பெற்ற' என்று பொருள். 'ரினௌன் பண்டிதர்' என்று எழுதினால் 'புகழ் பண்டிதர்' என்று எழுதியதாக ஆகும். கடைசியில் வரும் 'இ', 'டி' என்ற இரண்டு எழுத்துக்களையும் விட்டுவிடலாகாது.

இரண்டாவது, எழுத்துப் பிழை. இந்தச் சொல்லின் நடுவில் 'கே' என்ற எழுத்தைக் கொண்டுவந்து நுழைத்து எழுதுகிறவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுங்கூட இருக்கிறார்கள். 'நோ' என்றால் அறிதல்; 'நோன்' என்றால் அறியப்பட்ட; அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒலியில்லாத ஒரு 'கே' உண்டு; ஆகையால் எல்லோராலும் அறியப்பட்டவரைச் சொல்லும் இந்தச் சொல்லிலும் 'கே' இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்துக் கொள்ளுகிறார்கள். ஊகம் சாமர்த்தியமானதுதான், ஆனால் தவறு. இந்தச் சொல்லுக்கும் அறிதலுக்கும் உறவில்லை. பெயருக்கும் இதற்குந்தான் உறவு. பிறப்பை அறிந்தவன் எழுத்தில் பிழை செய்யமாட்டான்.

மூன்றாவது, இது நல்ல காரியங்களுக்கே உரிய சொல். கொடுங்கோலனையோ கொள்ளைக்காரனையோ இதனால் விசேஷிப்பது முறையன்று. அவர்களுக்கு 'நொட்டோரியஸ்' காத்துக் கொண்டிருக்கிறது.

நான்காவது, நேற்றுக் காலையில் பிறந்த புகழுக்கு இது பொருந்தாது. 'மீண்டும் மீண்டும்' என்பது இதன் பிறப்பிலேயே இருப்பதால், காலம் கொஞ்சமாவது கழிந்திருக்க வேண்டும். ஒரு படத்தில் நடித்த நடிகரை 'பேமஸ்' என்று சொல்லுங்கள். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். நாற்பது ஆண்டு வீணை வாசித்த வித்வானுக்கு 'ரினௌண்ட்' என்பதை வைத்துக் கொள்ளுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. இந்தச் சொல்லை அடுத்து 'பார்' என்ற சிறு சொல்லைச் சேர்த்து, இன்னதற்காகப் பெயர் பெற்றவர் என்று சொல்லுவது இங்கிலீஷ் மரபு. தமிழிலும் 'முறுக்குக்குப் பேர் போன' என்று நான்காம் வேற்றுமை உருபு வந்துவிடுகிறது. அந்த 'கு' என்ற ஒற்றை எழுத்தில் ஒரு பரீட்சை அடங்கியிருக்கிறது. எதற்குப் பேர் போனவர் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை கிடைத்தால் அடைமொழி நிற்கும். கிடைக்காவிட்டால் அதை எடுத்துவிட்டு, வெறும் பெயரைச் சொல்லி மரியாதையாய் நிறுத்திக் கொள்ளலாம்.

மறு பெயரா, மறுபடியும் பெயரா?

பிரெஞ்சுப் பாஷையில் ஒரு வேடிக்கை உண்டு. 'ரெனொமே' என்று உச்சரிக்கப்படும் சொற்கள் இரண்டு. ஒன்று அடைமொழி, 'புகழ் பெற்ற' என்பது பொருள். மற்றொன்று வினைச்சொல், 'மறு பெயர் வைத்தல்' என்பது இன்றைய பொருள். எழுத்தில் சிறிது வித்தியாசம் இருந்தாலும் காதுக்கு இரண்டும் ஒன்றே. பெயரைத் திரும்பச் சொல்லுவதும், பெயரைத் திரும்ப வைப்பதும் ஒரே ஒலியில் அடங்கியிருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைப் புதுச்சேரி நாட்டுச் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது.

உழவர்கரை என்ற எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். தமிழறிந்த குழந்தைக்கும் அதன் பொருள் விளங்கும். 1880-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரெஞ்சு அரசாங்கம் தன் இந்தியப் பகுதிகளில் பத்து நகரசபைகளை ஏற்படுத்தியது. புதுச்சேரி, வில்லியனூர், பாகூர் ஆகியவற்றுடன் உழவர்கரையும் அவற்றுள் ஒன்று. நமது 'ழ'கரம் பிரெஞ்சுக்காரர் நாவில் ஏறவில்லை. ஆகவே அவர்கள் பத்திரங்களில் உழவர்கரை 'உல்கரே' ஆயிற்று. பிரெஞ்சு எழுத்து வழக்கப்படி அதன் முடிவில் உச்சரிக்கப்படாத ஒரு 'டி' எழுத்தையும் வைத்தார்கள். பிற்பாடு இங்கிலீஷ் படித்தவர்கள் அதைக் கண்ணால் வாசித்து 'ஓல்கரெட்' என்றார்கள். எந்த உழவனும் எந்தக் கரையிலும் உச்சரித்திராத ஒரு 'டி' இப்படியாக ஊர்ப் பெயரில் வந்து உட்கார்ந்து கொண்டது. 'ரினௌண்ட்' என்ற சொல்லில் 'கே' நுழைந்த கதையும் இதுவும் ஒன்றுதான். பிறப்பை அறியாதவர் செய்யும் உபகாரம் இப்படித்தான் முடியும். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் சுமார் 3 லட்சம் பேர் வசிப்பதாகக் கண்ட இந்த நகராட்சியை, அந்தக் கணக்குப் புத்தகம் ரோமன் எழுத்தில் 'ஒழுகரை' என்று குறிக்கிறது. நகராட்சியோ இங்கிலீஷில் தன்னைப் பழைய பிரெஞ்சு எழுத்துக்களிலேயே குறித்துக் கொள்ளுகிறது. ஊர் ஒன்று, பெயர் மூன்று.

இந்த நகராட்சிக்குள் அடங்கிய லாஸ்பேட்டையின் செய்தி வேறு விதமானது. 1761-இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரியை மறுபடியும் கட்டியெழுப்பிய காலத்தில் கவர்னராயிருந்தவர் ழான் லா தெ லொரிஸ்தோன் என்பவர். அவருடைய 'லா' என்ற குடும்பப் பெயரால் ஏற்பட்டதே லாஸ்பேட்டை என்று சொல்லுகிறார்கள். பஸ்ஸில் ஏறி லாஸ்பேட்டைக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர். அவர்கள் அத்தனை பேரும் அவர் பெயரைச் சொல்லுகிறார்கள். அவரை நினைக்கிறவர் ஒருவரும் இல்லை. பெயர் ஒலிக்கிறது, புகழ் இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னால் மட்டும் போதாது, எதற்காக என்ற நினைவும் உடன் வர வேண்டும் என்பதற்கு இதை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

தன் பெயரைத் தானே நிலைநாட்ட முயன்றவர் டுப்ளே. 1742 முதல் 1754 வரையில் அவர் புதுச்சேரியில் கவர்னராயிருந்தார். 1750-ஆம் வருஷக் கடைசியில் செஞ்சிக்கு அருகே நாஸிர் ஜங் கொல்லப்பட்ட இடத்தில், தமது வெற்றியின் ஞாபகமாகத் தம் பெயராலேயே ஒரு நகரத்தை அவர் தோற்றுவித்தார். சில காலத்திற்குள் ராபர்ட் கிளைவ் அதை இடித்துத் தள்ளிவிட்டான். டுப்ளே 1763-இல் பாரிஸ் நகரில் கடனாளியாகக் கண் மூடினார். புதுச்சேரியில் அவர் பெயர் தாங்கிய பெரிய கடைத் தெருவும் விடுதலைக்குப் பின் நேரு வீதியாய் மாறிவிட்டது. கடற்கரையில் அவருடைய சிலை மாத்திரம் நின்று கொண்டிருக்கிறது.

அவருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று துபாஷ் உத்தியோகம் பார்த்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை. 1709-இல் பிறந்த இவர் 1736 முதல் தினப்படிச் சேதிகளைத் தமிழில் எழுதி வந்தார். கப்பல் வந்ததும், சரக்கு விற்றதும், கவர்னர் கோபித்துக் கொண்டதும், ஊரில் உலாவிய வதந்தியும் அதில் இருக்கின்றன. 1761 ஜனவரியில் புதுச்சேரி இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. அதே மாதத்தில் பிள்ளையும் காலமானார். அதன் பிறகு எண்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் குறிப்பேடுகள் உலகத்தார் கண்ணில் படவில்லை. 1846-இல் கல்வா மொம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் பிள்ளையின் வீட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரையில் சென்னை அரசாங்கத்தார் அவற்றை 12 பாகங்களாக இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். இன்று அந்தக் காலத்துத் தென்னிந்திய சரித்திரத்தை எழுதப் புகும் எவரும் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. எஜமானர் தமக்கு நகரம் கட்டினார். துபாஷ் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தார். எவருக்கு 'ரினௌண்ட்' என்பது பொருந்தும் என்று கேட்டால், எதற்காக என்ற கேள்விக்கு உடனே விடை கிடைக்கிற துபாஷுக்கே என்றுதான் சொல்ல வேண்டும்.

மறு பெயர் சூடியவர்களும் இங்கே உண்டு. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல், ஐரோப்பியப் பாதரட்சை அணிந்து நீதிமன்றத்தில் நின்றதற்காக வெளியேற்றப்பட்டார். அவர் அடங்கிவிடவில்லை, பாரிஸிலிருந்த உச்ச நீதிமன்றம் வரையில் வழக்காடி ஜயித்தார். 1881-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்றினால், தங்கள் ஜாதி ஆசார சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக் கொள்ளுகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக் கொள்ள வேண்டும் என்று ஏற்பட்டது. பொன்னுத்தம்பிப் பிள்ளை தேர்ந்தெடுத்த பெயர் 'லாபோர்த்'. வாயிற்கதவு என்பது அதன் பொருள். மற்றவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும் என்று அவர் கருதினார் போலும். புதுப் பெயர் அவருக்குப் புகழைக் கொடுத்ததா? இல்லை. பாதரட்சைக்காக நடத்திய வழக்கு கொடுத்தது.

இன்னும் விசித்திரமாய்ப் பெயர் எடுத்தவர் ஒருவரும் புதுச்சேரியில் பிறந்தார். கனக சுப்புரத்தினம் என்பது 1891-இல் பிறந்த அந்தத் தமிழ் உபாத்தியாயரின் பெயர். 1908 முதல் பத்தாண்டுக் காலம் சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, இவர் அவருடன் பழகி, அவருக்குத் தாசன் என்று தம்மைச் சொல்லிக் கொண்டார். பாரதியார் 1921-இல் மறைந்தபோது சுடுகாடு வரையில் சென்றவர்கள் மிகச் சிலரே. பின்பு 1949-இல் சென்னை அரசாங்கமே அவருடைய நூல்களின் உரிமையை வாங்கி நாட்டுடைமையாக்கியது. இந்த இடைக்காலத்தில் அவர் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்ன வாய்களே அதற்குக் காரணம். தம் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பிறர் தம் ஆசிரியரின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி செய்துவிட்ட பாரதிதாசனார், 'ரினௌன்' என்ற சொல்லின் அர்த்தத்தை வாழ்ந்தே காட்டிவிட்டார் எனலாம்.

யார் சொல்லுகிறார்கள்?

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு விஷயம் தெளிவாகிறது. புகழைத் தானாக எடுத்துக் கொள்ள முடியாது. அது பிறர் கொடுக்கும் தானம். அதிகாரத்திலிருப்பவர் நகரங்களுக்கும் தெருக்களுக்கும் தம் பெயரை வைக்கலாம். ஜனங்களின் பெயரைத் தம் நாவுக்கு இசைந்தபடி திருத்தவும் செய்யலாம். அதற்கு 'மறு பெயர்' என்று பெயர். மறுபடியும் பெயர் சொல்லுவது ஜனங்களின் காரியம்.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 ஜனப் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதியன்று ஆட்சி கை மாறிற்று. ஆயினும் பெயர் கை மாற இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. 2006-ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, 'பாண்டிச்சேரி' என்பதைப் 'புதுச்சேரி' என்று திருத்தியது. ஜனங்கள் அந்தப் பெயரைத் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வந்திராவிட்டால், சட்டம் திருத்துவதற்கு ஒரு பெயர் மிஞ்சியிருக்குமா? உழவர்கரை என்ற பெயரும் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. இங்கிலீஷ் பத்திரத்தில் எந்த எழுத்துக்கள் இருந்தாலும், கீரைக்காரியும் பால்காரரும் 'ழ'கரத்தைக் கைவிடவில்லை.

கடைசியாக ஒரு நினைவு. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுச்சேரியில் வேலை நிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்டதில் 12 பேர் உயிர் நீத்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அடுத்த ஆண்டு சட்டமாயிற்று. அந்த உரிமைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். வருஷந்தோறும் அந்நாளில் தொழிலாளர்கள் கூடி அவர்களுக்கு அஞ்சலி செய்கிறார்கள். அந்தப் பன்னிருவரில் எவருக்கும் எந்தப் பாடப் புத்தகமும் 'ரினௌண்ட்' என்ற அடைமொழியைச் சூட்டியதில்லை. பெரிய நகரங்களில் அவர்களை அறிந்தவர்கள் இல்லை. ஆனால் இந்தச் சொல்லின் பிறப்பிலக்கணத்தின்படி பார்த்தால் அவர்களுக்கு என்ன குறை? பெயர் சொல்லப்படுகிறது, மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது, எதற்காக என்பதும் சொல்லுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகையால் குழந்தைகள் 'ரினௌண்ட்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதி வந்து காட்டினால், எழுத்துப் பிழை பார்ப்பதோடு பெற்றோர்கள் நின்றுவிட வேண்டாம். யார் சொல்லுகிறார்கள், எதற்காகச் சொல்லுகிறார்கள், எத்தனை காலமாய்ச் சொல்லுகிறார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த குழந்தை ஓர் இங்கிலீஷ் சொல்லைக் கற்றதோடு, தலைவர்களைத் தராசில் நிறுத்துப் பார்க்கவும் கற்றுக் கொள்ளும். வீட்டில் தாத்தா பாட்டி பெயரும், ஊரில் கிணறு வெட்டியவர் பெயரும், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர் பெயரும் குழந்தைக்குத் தெரிந்திருந்தால், இந்தச் சொல்லுக்கு உதாரணம் தேடி அது புத்தகத்தைப் புரட்ட வேண்டியதே இராது.